மூளைக்காய்ச்சலுக்குப் பின் காது கேட்காத மகள்: சிடி நார்மல் என்று வந்த பிறகும் எம்ஆர்ஐ எதற்கு?

மிளகுக்கொடி (ஏற்காடு) கேட்கிறார்:

வணக்கம். நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டராக இருக்கிறேன். ஆள்கணக்கு, உரக்கணக்கு, காலையில் மழைமானி பார்த்து நோட்டில் ஏற்றுவது, இதுதான் பிழைப்பு. எழுதிப் பழகிய கை, அதனால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 1 வயது 10 மாதம். டிசம்பர் முதல் வாரம் காய்ச்சல். இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. தோட்டத்து ஜீப்பில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்து மூளைக்காய்ச்சல் என்றார்கள். நியூமோகாக்கஸ் என்ற கிருமியாம். 15 நாள் உள்ளே. பிழைத்து வந்தாள், அந்த டாக்டர்களை நினைத்தால் இன்றும் கை கூப்பத்தான் தோன்றுகிறது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது காதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் தள்ளாடினாள். 11 மாதத்தில் நடந்த பிள்ளை மறுபடி தவழ ஆரம்பித்தாள். படுத்துக் கிடந்த உடம்பு, தெம்பு வரட்டும் என்று விட்டோம். விஷயம் தெரிந்தது பல்ப்பர் ஓடிய அன்றைக்கு. பழத்தின் தோல் உரிக்கும் அந்த மெஷினைப் போட்டாலே அலறிக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொள்கிறவள், அன்று அது ஓட ஓட, பத்தடி தள்ளிக் களத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலைகூட நிமிரவில்லை. என் மனைவிதான் பார்த்தாள். பின்னால் போய்த் தட்டத்தைத் தட்டினாள். ஜீப் ஹாரனை நான் அடித்தேன். சரி, வேண்டாம் அதெல்லாம்.

சத்தம் கொடுத்துக் காது நரம்பில் அலை எழும்புகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை இரண்டு முறை, ஒரு வார இடைவெளியில். இரண்டு காதிலும் 90 டெசிபல் வரை அலை எழும்பவே இல்லை. காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, அதுதான் வழி என்று ஈஎன்டி டாக்டர் சொன்னார். காது எலும்புக்கு சிடி எடுத்தோம், ரிப்போர்ட் நார்மல். அப்பாடா என்று மலை ஏறினோம். இப்போது எம்ஆர்ஐயும் வேண்டும், அதுவும் இந்த வாரத்துக்குள், மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும் என்கிறார்.

இதில்தான் வீட்டில் சண்டை. ஐசியூவில் கிடந்த பிள்ளைக்கு மறுபடி மயக்க மருந்தா என்று அவள் அம்மாயி அழுகிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், ஆறு மாதம் காது மெஷின் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனே பேசுவார்கள், நீங்கள் ஏன் பறக்கிறீர்கள் என்கிறார். ஒரு ஸ்கேன் நார்மல் என்றால் நார்மல்தானே? காய்ச்சல் வந்த நாளிலிருந்து இன்று 38ஆம் நாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போக வேண்டிய வாரம் அவளுக்குச் சளி. அப்புறம் பழம் பறிப்பு மும்முரம். போகவில்லை.

தொட்டிக்கணக்கு (அம்மாப்பேட்டை, சேலம்) பதில்:

தம்பி, உங்கள் கணக்கில் கடைசியாக எழுதிய எண் இருக்கிறதே, 38, அதைத்தான் நான் முதலில் படித்தேன். எம்ஆர்ஐயை எடுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆத்தூர் ரோட்டில் ஒரு சவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள். என் மகனுக்கு 2015இல், மூன்று வயதில், இதே கிருமி, இதே காய்ச்சல். அதனால் எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன்.

மரவள்ளிக்கிழங்கை அரைத்து வடிகட்டிய பாலைத் தொட்டியில் விட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே வெறும் தண்ணீர்தான் தெரியும். கையை விட்டால் அடியில் கூழ். இன்னும் விட்டுவைத்தால் மண்வெட்டியால் வெட்டி எடுக்கிற கட்டி. காதுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். காக்ளியா என்பது நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல் சுருண்ட எலும்புக் குழாய், உள்ளே தண்ணீர் போன்ற திரவம். மூளையைச் சுற்றியிருக்கும் நீருக்கும் இந்தத் திரவத்துக்கும் நடுவே மெல்லிய கால்வாய் ஒன்று உண்டு. மூளைக்காய்ச்சலில் சீழும் அழற்சியும் அந்த வழியாகக் காதுக்குள் வந்துவிடுகின்றன. காய்ச்சல் தீர்ந்த பிறகும் உள்ளே புண் ஆறுகிறது, ஆறும்போது நார் படிகிறது, நார் பின்னால் எலும்பாகிறது. சில பிள்ளைகளுக்குச் சில வாரங்களிலேயே அது ஆரம்பித்துவிடும். எல்லாப் பிள்ளைக்கும் ஆகாது. யாருக்கு ஆகும் என்பதைப் படம் பார்க்காமல் சொல்ல வழியில்லை.

சிடி காட்டுவது எலும்பை. மண்வெட்டி போடுகிற கட்டி நிலை வந்தால்தான் அதில் தெரியும். கூழ் நிலை அதற்குத் தெரியாது, தண்ணீரும் நாரும் அதில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். எம்ஆர்ஐ பார்ப்பது திரவத்தை. திரவம் எங்கே இல்லையோ அங்கே ஏதோ படிந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் மகளுக்கு வந்த ‘நார்மல்’ பொய் இல்லை. இன்னும் எலும்பாகவில்லை என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். உள்ளே காலியாக இருக்கிறது என்று அது சொல்லவில்லை.

எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் சிடி எடுத்தோம், நார்மல். ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், ஆறு மாதம் காது மெஷின் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பிறவியிலேயே கேட்காத பிள்ளைகளுக்கு அப்படிச் சில மாதம் பார்ப்பது வழக்கம்தான், அதைத்தான் உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் கேள்விப்பட்டிருப்பார். மூளைக்காய்ச்சல் பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு பொருந்தாது என்பதை நான் மிகத் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். ஆறு மாதம் காலையில் மாட்டி, ராத்திரி கழற்றி, ஈரத்துணியால் துடைத்து வைத்தேன். மாரியம்மன் பண்டிகைக்குக் கூட்டிப்போனபோது பக்கத்தில் பம்பை அடிக்கிறார்கள், அவன் அடிக்கிறவரின் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

ஏழாம் மாதம் மறுபடி சிடி. இடது காது முழுக்க வெள்ளை, எலும்பு. வலது காதில் அடிச்சுற்று அடைத்துவிட்டது. அந்தக் கால்வாய் வந்து சேருவது அடிச்சுற்றில்தான், அதனால் அடைப்பும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குமாம். இம்ப்ளான்ட்டின் கம்பியை, எலெக்ட்ரோடு என்பார்கள், டாக்டர் நுழைப்பதும் அதே இடம். வாசலிலேயே சுவர் எழும்பினது போல. வலது காதில் எலும்பைத் துளைத்து வழி செய்து வைத்தார்கள். 22 முனை உள்ள கம்பியில் 9 மட்டும் உள்ளே போயிற்று.

இப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது தாண்டிவிட்டது. பேசுகிறான், வகுப்பில் முதல் பெஞ்ச், என்னிடம் வாயாடுகிறான். போனில் பேசினால் பாதி புரியாது. கூட்டத்தில் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறான். 9 முனையில் இவ்வளவு வந்ததே பெரிது என்று அவனுடைய ஸ்பீச் தெரபி டீச்சர் சொல்வார். மீதிப் 13ஐ நான் நினைக்காமல் இருந்ததில்லை.

தடுப்பூசிக்காக உங்களை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டாம். என் மகன் காலத்தில் அந்த நியூமோகாக்கல் ஊசி அரசு அட்டவணையிலேயே இல்லை, தமிழ்நாட்டில் இலவசமாக வந்தது 2021இல். ஆறு வாரம், பதினான்கு வாரம், ஒன்பது மாதம், மூன்று தவணை. விட்டதை இப்போது டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இம்ப்ளான்ட் வைத்த காதுள்ள பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் வரும் ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதல், அதனால் ஆபரேஷனுக்கு முன்பே அதைப் போட்டு முடிக்கச் சொல்வார்கள்.

ஓமலூரான் பதில்:

பயமுறுத்தாதீர்கள் அக்கா. என் மாமா பையனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து காது கேட்காமல் இருந்து, இரண்டு மாதத்தில் தானாகத் திரும்பியது. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். இந்தக் காலத்தில் ஸ்கேன் எடுக்கச் சொல்வதே ஒரு தொழில். ஆறு மாதம் பொறுத்தால் குடி முழுகிப் போகாது.

தொட்டிக்கணக்கு பதில்:

ஓமலூர் தம்பி, உங்கள் மாமா பையன் நன்றாக இருக்கட்டும். சில பிள்ளைகளுக்கு முதல் சில வாரங்களில் கேட்கும் திறன் ஏறி இறங்குவது உண்மைதான், அதனால்தான் பெராவைத் திரும்ப எடுக்கிறார்கள். இவர் எடுத்திருக்கிறார், இரண்டு முறையும் ஒன்றுமே இல்லை. சரி, நாளைக்கே திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எம்ஆர்ஐ எடுத்ததால் அந்தக் காதுக்கு என்ன நஷ்டம்? படம் எடுப்பது வேறு, ஆபரேஷன் வேறு. குடி முழுகாது என்று எனக்கும் சொன்னார்கள். அந்த ஆறு மாதத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

காந்தக்குகை (சேலம்) பதில்:

நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன், பன்னிரண்டு வருடமாக இந்த வேலை. அக்கா சொன்ன தொட்டிக்கணக்கு சரி. படத்தில் அது எப்படித் தெரியும் என்று மட்டும் சேர்க்கிறேன். திரவம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிற ஒரு வகைப் படத்தொடர் உண்டு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டுகளாக எடுப்போம். நல்ல காதில் நத்தை வெள்ளை வெளேரென்று சுருண்டு நிற்கும், பக்கத்தில் மூன்று அரைவட்டக் குழாய்களும். நார் படிந்த இடத்தில் வெள்ளை மங்கும், அல்லது அறுந்து போகும். சில பேருக்கு மருந்து ஏற்றி இன்னொரு தொடரும் எடுக்கச் சொல்வார்கள், அழற்சி இன்னும் இருக்கிறதா என்று அதில் தெரியும். காது நரம்பையும் எம்ஆர்ஐயில்தான் பார்க்க முடியும். இம்ப்ளான்ட் வேலை செய்ய நரம்பு வேண்டுமே.

மகள் தள்ளாடுவதாக எழுதியிருக்கிறீர்களே, அதை டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். வெறும் பலவீனமாக இருக்க வேண்டியதில்லை. அந்த அரைவட்டக் குழாய்கள்தான் நிதானத்துக்குப் பொறுப்பு, இதே திரவம்தான் அங்கேயும் ஓடுகிறது. காக்ளியாவுக்கு முன்பே அங்கே அடைப்புத் தெரிகிற பிள்ளைகள் உண்டு, ரேடியாலஜிஸ்ட் அதைத் தேடித்தான் பார்ப்பார்.

சிடி வீண் செலவு என்றும் நினைக்காதீர்கள். எலும்பின் அமைப்பு, முகத்து நரம்பு போகிற பாதை, இதெல்லாம் ஆபரேஷன் செய்கிறவருக்குச் சிடியில்தான் தெளிவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, சிடியின் சிடி தட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். (ஒரே பெயர் இரண்டு பொருளுக்கு, தினமும் யாராவது ஒருவர் குழம்புகிறார்.)

மயக்கம் பற்றி. படம் எடுக்க அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் அந்த நத்தை கலங்கிவிடும், இந்த வயதில் பிள்ளை அசையாமல் படுக்குமா? அதனால்தான் மயக்கம். மயக்க டாக்டர் பக்கத்திலேயே இருப்பார், விரலில் ஆக்சிஜன் கிளிப் இருக்கும். ஐசியூவில் இருந்ததையும் வலிப்பு வந்ததையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள். சாப்பாடும் பசும்பாலும் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2 என்பது பொதுவான கணக்கு. உங்களுக்கு அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் கடைசிக் கணக்கு. பசிக்கிற பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்டைப் பாட்டி ரகசியமாகக் கொடுத்து, ஸ்கேன் தள்ளிப்போனது மாதத்துக்கு ஒன்றாவது நடக்கும்.

மலையிலிருந்து அன்று காலையில் இறங்காதீர்கள். வெறும் வயிற்றில் இருபது வளைவு, வாந்தி, அழுகை, அப்புறம் எங்கள் வாசலில் காத்திருப்பு. முதல் நாள் மாலையே வந்து சேலத்தில் தங்குங்கள்.

கொலுசு, அரைஞாண், தாயத்து, வளையல், தோடு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வெள்ளியைக் காந்தம் இழுக்காது என்று வெள்ளி வேலை செய்யும் செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் என்னிடம் வாதாடுவார்கள். எனக்கும் தெரியும். கொலுசின் திருகில் என்ன கலந்திருக்கிறது, தாயத்துக்குள் என்ன தகடு சுருட்டி வைத்திருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சூடேறிச் சுடவும் செய்யும்.

அவள் காதில் பஞ்சும் மஃப்பும் வைப்போம். கேட்காத பிள்ளைக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. இம்ப்ளான்ட் வைத்த பிறகு தலைக்குள் ஒரு காந்தம் இருக்கும். இப்போது வருகிற கருவிகள் பலவற்றோடு எம்ஆர்ஐ எடுக்கலாம்தான், ஆனால் காந்தத்தைச் சுற்றிப் படத்தில் கருப்பாக ஒரு பெரிய நிழல் விழும். அந்தக் காதைத் தடையில்லாமல் பார்க்க இப்போதுதான் நேரம்.

மிளகுக்கொடி பதில்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். 47ஆம் நாள்.

அக்கா எழுதியதை மனைவி அம்மாயிக்கு வாசித்துக் காட்டினாள். மண்வெட்டி என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். அப்புறம் எழுந்து போய்க் கொலுசைக் கழற்றியது அவர்தான். அஸ்தம்பட்டியில் சித்தப்பா வீட்டில் ராத்திரி தங்கினோம். அம்மாயியின் சுருக்குப்பையைக்கூடச் சோதித்துவிட்டேன், பிஸ்கட் இல்லை.

41ஆம் நாள் படம் எடுத்தார்கள். மயக்கம் தெளிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அந்த ஒரு மணி நேரம் எனக்குத்தான் தெரியும். ஒருமுறை வாந்தி எடுத்தாள், சாயங்காலம் இட்லி கேட்டாள். கேட்டாள் என்றால், கையைக் காட்டினாள். ‘அம்மா’, ‘வா’ என்று இருந்த இரண்டு மூன்று வார்த்தைகளும் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன.

டாக்டர் இரண்டு படங்களையும் ஒரே திரையில் வைத்துக் காட்டினார். சிடியில் எனக்கு இரண்டு காதும் ஒரே மாதிரி. எம்ஆர்ஐயில் இடது நத்தை முழு வெள்ளை. வலது நத்தையில் அடிச்சுற்றில் ஒரு நகக்கண் அளவு கூட இல்லை, மங்கலாக ஒரு இடைவெளி, வலது பக்க அரைவட்டக் குழாய் ஒன்றிலும் அப்படியே. மழைநோட்டில் ஒரு நாள் எழுதாமல் விட்டால் தெரியுமே, அந்த மாதிரி. நரம்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. நார் ஆரம்பித்திருக்கிறது, எலும்பாகவில்லை, கம்பி போகும் என்று நம்புகிறேன் என்றார். இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் செய்ய முடிந்தால் நல்லது, இடது காதும் எத்தனை நாள் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். ஆறு வயதுக்குள் என்பதால் அதில் வருவாள். எங்களுக்குச் சொன்னது ஒரு காதுக்கு. இன்னொரு காதுக்குத் தோட்டத்து முதலாளி பாதி தருகிறேன் என்றிருக்கிறார், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். மீதிக்கு மனைவியின் தாலிக்கொடி தவிர எல்லாம் அடகுக்குப் போகிறது. விட்டுப்போன ஊசியைப் போட்டாயிற்று. தேதி வருகிற மாத முதல் வாரம் இருக்கும் என்கிறார்கள். அதற்குள் நாள் நிறைய ஓடிவிட்டால் மறுபடி ஒருமுறை படம் பார்ப்பார்களாம்.

அக்காவிடம் ஒரு கேள்வி. கருவியின் வெளிப்பாகம், காதுக்குப் பின்னால் மாட்டுவது, ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்கிறார்கள். எங்கள் மலையில் மழைக்காலத்தில் காயப்போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது, தீப்பெட்டியே நமுத்துப் போகும். எப்படிச் சமாளிப்பது?

தொட்டிக்கணக்கு பதில்:

தம்பி, ‘கம்பி போகும்’ என்ற வரியை மூன்று தடவை படித்தேன்.

ஈரத்துக்கு உலர்பெட்டி என்று ஒன்று வரும், ராத்திரி கழற்றியதும் அதற்குள் வைத்து மூடிவிட வேண்டும். உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். நிறம் மாறும் வகையாகக் கேட்டு வாங்குங்கள், எப்போது மாற்றுவது என்று கண்ணாலேயே தெரியும். கரண்டில் ஓடுகிற பெட்டியும் இருக்கிறது, மலையில் கரண்டு போகிற போக்குக்கு இரண்டும் வீட்டில் இருக்கட்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள். மூடுபனி நாளில் வெளியே தூக்கிப்போனால் காது மூடுகிற குல்லா, அது எப்படியும் உங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. அடுப்புப் பக்கம் காய வைக்கலாம் என்று அம்மாயி சொல்வார். விடாதீர்கள், நான் ஒருமுறை அப்படி வைத்து மேல்மூடி வளைந்துபோய்ச் சரிசெய்ய அலைந்தேன்.

ஸ்பீச் தெரபிக்கு வாரம் இரண்டு முறையாவது இறங்க வேண்டியிருக்கும். முதலாளியிடம் அதையும் இப்போதே பேசிவிடுங்கள், பணத்தைவிட அந்த லீவு கிடைப்பதுதான் கஷ்டம். வருகிற அன்று மதியச் சாப்பாட்டுக்கு அம்மாப்பேட்டைக்கு வந்துவிடுங்கள். என் மகன் அவனுடைய கருவியை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான்.